அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கணுமா? ஒரு வாசகிக்குப் பதில்

கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்:

"எனக்கு 31 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. அண்ணனுக்கு 36 வயது. இரண்டு கிட்னியும் போய், ஒன்றரை வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். அப்பா இல்லை. அம்மாவுக்கு சுகர், அதனால் அவர் கொடுக்க முடியாதாம். அண்ணிக்கு பிளட் குரூப் சேரவில்லை. எனக்குச் சேர்கிறது. அப்பா இறந்தபோது அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அச்சகத்தில் வேலைக்குப் போய் என்னை பி.எட். வரை படிக்க வைத்தார். 'அவன் உனக்காக வாழ்க்கையையே தியாகம் பண்ணான், நீ ஒரு கிட்னிக்கு யோசிக்கிறியே' என்று அம்மா தினமும் போனில் அழுகிறார். என் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் இதில் இஷ்டமில்லை, முதலில் ஒரு குழந்தை பெற்றுக்கொள் என்கிறார்கள். எனக்கு அண்ணன் வேண்டும். ஆனால் பயமாக இருக்கிறது. தியாகம் என்றால் உண்மையில் என்ன? இப்படிச் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா? யோசிப்பதாலேயே நான் சுயநலக்காரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கும். இல்லை, நீங்கள் சுயநலக்காரி இல்லை. கிட்னி மாற்று ஆபரேஷனுக்கு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. யோசிக்கிற டோனரை, அதாவது கிட்னி கொடுக்க வருபவரைப் பார்த்து நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல், "எங்க மேடம் கையெழுத்துப் போடணும்" என்று பேனாவை நீட்டச் சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு கலங்கும். அவர்களைத் திரும்ப உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் அம்மா பேசுகிறார், வீட்டுக்காரர் பேசுகிறார், மாமியார் பேசுகிறார், அண்ணியின் பிளட் குரூப்கூட வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறது. அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது உங்களுக்கே தெரியாமல் விட்டுப்போனதா, இல்லை அவர் நிஜமாகவே உங்களிடம் இதுபற்றி எதுவும் சொன்னதில்லையா? இதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, தியாகம். இந்தச் சொல்லுக்குப் பழைய தமிழில் கொடை என்றுதான் பொருள். அள்ளிக் கொடுத்தவனைத் தியாகி என்றார்கள். சுதந்திரப் போராட்டத்துக்கு அப்புறம் ஜெயிலுக்குப் போனவர், தியாகி பென்ஷன் வாங்குகிறவர் என்று அர்த்தம் நகர்ந்துவிட்டது, இப்போது வீட்டுக்குள் வந்து பெரும்பாலும் அம்மா, அக்கா, தங்கச்சிகளோடு குடியிருக்கிறது. சிபிச் சக்கரவர்த்தி கதை உங்களுக்குத் தெரியும், நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். அடைக்கலம் வந்த புறாவுக்காகப் பருந்துக்குத் தன் தொடைச் சதையை அறுத்துத் தராசில் வைத்தவர். கத்தி அவர் கையில் இருந்தது. அரண்மனைப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடித்து உட்காரவைத்து, "ஒரு புறாவுக்காக இதுகூடச் செய்யமாட்டியா" என்று கேட்டு அறுத்திருந்தார்கள் என்றால், அந்தக் கதையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

நான் வேலையில் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். தியாகம் என்ற வார்த்தை டோனர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது ரொம்ப அபூர்வம். அதைச் சொல்பவர் எப்போதும் பக்கத்து நாற்காலியில் இருப்பவர். மனசார கொடுக்க வந்தவர்கள் பேசுவது வேறு மாதிரி இருக்கும்: "பார்த்துக்கிட்டு இருக்க முடியல மேடம்", "எனக்கு ரெண்டு இருக்கே", "அவர் தண்ணி குடிக்க ஆசைப்படுறார், பாவம்." இந்தத் தண்ணீர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் அண்ணன் வீட்டில் ஒரு அளவு பாட்டில் இருக்கும், நாள் முழுக்கவும் அவ்வளவுதான், மே மாதத்து வெயிலிலும். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார். டயாலிசிஸுக்குப் போனதும் முதலில் எடைதான் பார்ப்பார்கள். இரண்டு மூன்று கிலோ ஏறியிருந்தால் நர்ஸ் திட்டுவார், ஏறியிருப்பது எல்லாம் அவர் குடித்த தண்ணீர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் இந்த விஷயத்தில் நடுநிலையாக இருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. டயாலிசிஸ் நாற்காலியில் கருத்துப்போய்ச் சுருங்கிக் கிடந்தவர்கள் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மாதம் பைக்கில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, கொடுப்பதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருப்பவள் நான். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அம்மா சொல்லும் கணக்குக்கு வருவோம். அண்ணன் படிப்பை விட்டபோது உங்களுக்கு 12, 13 வயது. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்த வயதுப் பிள்ளை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட முடியாது. அண்ணன் இழந்தது நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் வாங்கிய முதல் சம்பளம் உங்கள் ஃபீஸுக்குப் போயிருக்கலாம், அதற்கு நீங்கள் ஆயுசுக்கும் நன்றியோடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அவரிடமும் அன்றைக்கு யாராவது "உனக்கு இஷ்டமாப்பா" என்று கேட்டார்களா? அப்பா போன வீட்டில் 18 வயதுப் பையனிடம் "இனிமே நீதான்" என்று சொன்ன அதே வாய்தான் இன்றைக்கு உங்களிடம் "இப்ப நீதான்" என்று சொல்கிறது என்று எனக்கொரு சந்தேகம். அம்மாவைக் குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளை கண் முன்னால் கரைவதைப் பார்க்கிறவருக்கு வேறு எந்த வார்த்தை கையில் கிடைக்கும்?

கடனை அடைக்கிறேன் என்று கிட்னி கொடுப்பதில் உள்ள சிக்கல் கொடுத்த அன்றைக்குத் தெரியாது. அதற்கப்புறம் அண்ணன் கடன்காரர் ஆகிவிடுவார். தம்பிக்குக் கொடுத்த ஒரு அக்கா, ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணினார். சொந்தக்காரர் கல்யாணத்தில் தம்பி மண்டபத்துக்குப் பின்னால் நின்று குடித்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "மேடம், என் கிட்னி மேல ஊத்துறான் மேடம்" என்று அழுதார். இரண்டு வருடம் ஆகியும் அது அவன் கிட்னி ஆகவில்லை, இன்னும் "என் கிட்னி"தான். அவன் என்ன சாப்பிடுகிறான், மாத்திரை போட்டானா, தூங்கினானா என்று ஊரிலிருந்து கண்காணித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தம்பியும் அக்கா பெயர் போனில் வந்தாலே எடுப்பதில்லை. அந்த அக்காவைப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் யாரும் கேட்கவில்லை, எல்லோரும் சொன்னார்கள்.

இன்னொருவர், கணவருக்குக் கொடுத்தவர். கிட்னி ஆறு வருடம்தான் ஓடியது, மறுபடி டயாலிசிஸுக்கு வந்துவிட்டார்கள். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "வீணாப் போச்சேன்னு இருக்காம்மா?" என்று கேட்டேவிட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொண்ணு கல்யாணத்துல அவர்தானே மேடம் மனையில உக்காந்து தாரை வாத்துக் குடுத்தார்" என்றார். அவ்வளவுதான். அவர் கணக்கில் அது தீர்ந்துவிட்டது.

இப்படிச் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த இரண்டு பேரும்தான். இரண்டு பேரும் கொடுத்தது ஒரே உறுப்பு. ஆறு வருடத்தில் நின்றுபோனது ஒன்று, மற்றது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிம்மதியாக இருப்பவர் யார் என்று பாருங்கள்.

உலகத்தில் முதன்முதலில் வெற்றியாக நடந்த கிட்னி மாற்று ஆபரேஷனிலும் இந்த விஷயம் இருக்கிறது. 1954 டிசம்பர் 23, அமெரிக்காவில் பாஸ்டன். ஒரே மாதிரியான இரட்டையர், ரிச்சர்ட் ஹெரிக், ரொனால்ட் ஹெரிக், வயது 23. ரிச்சர்டுக்குக் கிட்னி போய்விட்டது, ரொனால்ட் கொடுத்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் ஜோசப் மர்ரேக்குப் பின்னாளில், 1990-ல், நோபல் பரிசு கிடைத்தது. ஆரோக்கியமான ஒரு மனிதனை, அவனுக்கு ஒரு பலனும் இல்லாமல், இப்படிப் பெரிதாக அறுப்பது அன்றைக்கு ரொம்ப அபூர்வம், அதனால் டாக்டர்களே குழம்பிப்போய் மதகுருமார்கள், வக்கீல்கள் என்று எல்லோரிடமும் கேட்டிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த கடைசிப் பேச்சில் ரொனால்ட் ஒரு கேள்வி கேட்டார்: நான் கொடுத்தால், ஆயுள் முழுக்க என் உடம்பை இந்த ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளுமா? பாருங்கள், அவரும் கேட்டிருக்கிறார். என் கதி என்ன என்று கேட்ட அந்த ஆளைத்தான் உலகமே கொண்டாடுகிறது. ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி ரிச்சர்ட் தன் படுக்கையிலிருந்து ரொனால்டுக்கு ஒரு சீட்டு அனுப்பினார், எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று. வந்தாச்சு, இங்கேதான் இருப்பேன் என்று ரொனால்ட் பதில் எழுதி அனுப்பினார்.

ரிச்சர்ட் தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு குழந்தைகள் பெற்று, எட்டு வருடம் இருந்துவிட்டு இறந்தார். ரொனால்ட் உங்களைப் போல ஆசிரியர், கணக்கு வாத்தியார். ஒரே கிட்னியோடு 56 வருடம் வாழ்ந்து 79 வயதில் போனார். இந்தக் கதையில் எனக்கு முக்கியம் அந்தச் சீட்டுதான். போய்விடு என்று வாங்குபவர் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டுவிட்டுக் கொடுப்பவர் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது உடம்பு விஷயம். பயம் என்று ஒற்றை வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள். பயத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் எது நிஜம், எது அக்கம்பக்கம் சொன்னது என்று தெரியும்.

ஆபரேஷன் இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோபி, வயிற்றில் மூன்று நாலு துளைகள், கிட்னியை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு சின்ன வெட்டு. நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள், சுமார் ஆறு வாரம் குடம், மூட்டை தூக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால், அமெரிக்காவில் எடுத்த பழைய கணக்கில் 10,000 பேரில் 3 பேர், அண்மைய கணக்கில் ஒருவருக்கும் குறைவு. மீதி இருக்கும் கிட்னி கொஞ்சம் பெருத்து வேலையை எடுத்துக்கொள்ளும். முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் 65, 70 சதவீதம் வரை அது ஒன்றே செய்துவிடும். பின்னாளில் உங்கள் கிட்னியே போய்விடுமா? 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வின்படி, கொடுக்காத ஆரோக்கியசாலிகள் 10,000 பேரில் ஆயுள் முழுக்கச் சுமார் 14 பேருக்கும், கொடுத்தவர்களில் சுமார் 90 பேருக்கும் கிட்னி செயலிழக்கலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான், ஆனால் "ஒண்ணும் ஆகாது" என்று சொந்தக்காரர்கள் சொல்வதும் சரியில்லை. ஆறு மடங்கு கூடுகிறது.

உங்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமாக இரண்டு இருக்கின்றன. ஒன்று, குழந்தை. கிட்னி கொடுத்த பெண்கள் கர்ப்பமாகலாம், நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், நானே பெயர் வைக்கும் விழாவுக்குப் போயிருக்கிறேன். ஆனால் கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறும் ஆபத்து கூடுகிறது. கனடாவில் பார்த்ததில் கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு வந்தது, கொடுத்தவர்களில் 11 பேருக்கு வந்தது. ஆகவே மாமியார் சொல்வதை மாமியார் சொல்கிறார் என்பதற்காகவே தள்ளிவிடாதீர்கள், அதில் வைத்தியம் இருக்கிறது. அம்மாவுக்கு சுகர் இருப்பதால் உங்களுக்கும் பின்னாளில் வரும் வாய்ப்பு உண்டு, அதையும் டாக்டர் கணக்கில் எடுப்பார்.

இரண்டாவது, அண்ணனுக்கு ஏன் கிட்னி போனது? நீங்கள் எழுதவில்லை. யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். "பி.பி.யால போச்சு" என்று பல வீடுகளில் சொல்வார்கள், கிட்னி போனதால் பி.பி. வந்ததா, பி.பி.யால் கிட்னி போனதா என்பது வேறு விசாரணை. கிட்னியில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் மாதிரி ஏதாவது என்றால் அது உங்கள் உடம்பிலும் ஒளிந்திருக்கலாம், அப்போது நீங்கள் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவர். காரணமே தெரியாமல் போகும் கிட்னிகள் நம் நாட்டில் நிறைய. அப்படிப்பட்ட ஒருவரின் கூடப்பிறந்தவர், அதுவும் 31 வயதில், கொடுக்க வரும்போது நல்ல டாக்டர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார். இந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அப்புறம், "முடியாது" என்று சொல்லும் வழி. இது இல்லாமல் நீங்கள் சொல்லும் "சரி"க்கு மதிப்பே கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உறுப்பு மாற்றுக்கு 1994-லிருந்து மத்திய சட்டம் இருக்கிறது. கூடப்பிறந்தவர் என்பதால் நீங்கள் நெருங்கிய உறவினர், அந்தளவில் பேப்பர் வேலை சுலபம். ஆனால் டோனர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவர் சுயமாகச் சம்மதிக்கிறாரா என்பதைக் கிட்னி வாங்குபவர் அல்லாத வேறொருவரிடம் உறுதி செய்ய வேண்டும் என்று 2014 விதிகளிலேயே இருக்கிறது. ஏன் அப்படி எழுதினார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம் நாட்டில் உயிரோடு இருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். எங்கள் அறை வாசல் பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலே போதும், புள்ளிவிவரம் தேவைப்படாது.

உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். பேசாவிட்டால் கேட்டு வாங்குங்கள். "நான் கோ-ஆர்டினேட்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று சொன்னால் போதும் (உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைப்பவர்தான் கோ-ஆர்டினேட்டர்). அங்கே, எனக்கு இஷ்டமில்லை, வீட்டில் சொல்ல முடியவில்லை என்று சொன்னால், வெளியே வந்து உங்கள் அம்மாவிடம் அவர்கள் சொல்வது "டோனர் பொருத்தமில்லை" என்ற ஒரே வரிதான். என்ன ரிப்போர்ட், என்ன காரணம் என்று யார் கேட்டாலும், அது டோனருடைய சொந்த மருத்துவ விவரம், சொல்ல முடியாது. இது பொய்யும் இல்லை. மனசு பொருந்தாத டோனர் பொருத்தமில்லாத டோனர்தான். எல்லா டெஸ்ட்டும் முடிந்து, தேதி குறித்து, தியேட்டர் வாசல் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதும் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், வானம் இடிந்து விழவில்லை.

டெஸ்ட்டுக்குப் போனாலே பாதி சம்மதம் என்று வீட்டில் எடுத்துக்கொள்வார்கள், ஜாக்கிரதை. முதல் ரத்தம் கொடுத்த அன்றைக்கே மாமா வீட்டுக்கெல்லாம் போன் போய்விடும். அதனால் அந்தத் தனிப் பேச்சை முதல் டெஸ்ட்டுக்கு முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள்தான் ஒரே வழி என்று அம்மா சொல்வதும் முழு உண்மையா என்று பார்க்க வேண்டும். அண்ணன் பெயர் இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில், ஆஸ்பத்திரி மூலமாகப் பதிவாகியிருக்கிறதா? காத்திருப்பு நீளம், ஆனால் பதியாமல் இருந்தால் நீளம் ஆரம்பிக்கவே இல்லை. 2008-லிருந்து நம் மாநிலத்தில் இது முறையாக நடக்கிறது. அண்ணிக்கு குரூப் சேரவில்லை என்றதோடு கதை முடிந்துவிடவும் இல்லை. இதே மாதிரி குரூப் சேராத இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ள, அதாவது அவர்கள் வீட்டு டோனர் உங்கள் அண்ணனுக்கு, உங்கள் அண்ணி அவர்கள் வீட்டு நோயாளிக்கு என்று கொடுக்க, அந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தத்தில் இடம் உண்டு. குரூப் சேராமலேயே மருந்து கொடுத்துத் தயார்செய்து மாற்றுவதும் உண்டு, செலவு கூடும். அண்ணனைப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் இவை செய்கிறார்களா என்று அண்ணியே கேட்கட்டும். அண்ணிக்கும் பயமாக இருக்கலாம், அவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் குரூப் என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவர் நிற்க, உங்களை மட்டும் எல்லோரும் பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

ஒருவேளை கொடுப்பதென்று முடிவானால், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். ஆபரேஷனுக்கு அடுத்த நாள் அண்ணன் உங்களைவிட நன்றாக இருப்பார். ஒன்றரை வருடம் ரத்தத்தில் சேர்ந்த விஷமெல்லாம் இறங்கி, முகம் தெளிந்து, பசிக்கிறது என்பார். மயக்கம் தெளிந்ததும் டோனர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "யூரின் வந்துச்சா?" என்பதுதான், அண்ணனுக்கு. வந்துவிட்டது என்று நர்ஸ் பையின் அளவைச் சொன்னதும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம். அதற்கப்புறம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் கண்ணாடி அறைக்கு வெளியே நிற்பார்கள். நேற்றுவரை ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடாத நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமக்கூட முடியாமல், ஃபேனைப் பார்த்தபடி தனியாகக் கிடப்பீர்கள். டோனர்கள் அழுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஆகவே இப்போதே கேட்டுவையுங்கள்: என் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருப்பது? ஆறு வாரம் என் வீட்டில் யார் சமைப்பது? மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. உங்கள் பள்ளியில் சம்பளத்தை வெட்டுவார்கள், அதை யார் ஈடுகட்டுவது? வருடா வருடம் எனக்கு யூரின், பி.பி., கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) பார்க்க யார் ஞாபகப்படுத்துவது? தியாகம் என்று பேசும் வீட்டில் இதையெல்லாம் கேட்டால் கணக்குப் பார்க்கிறாள் என்பார்கள். ரொனால்டும் பார்த்தார்.

வீட்டுக்காரர் பற்றிச் சுருக்கமாக. அவர் "வேண்டாம்" என்பது அண்ணன் மேல் உள்ள வெறுப்பினால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயமாகவும் இருக்கலாம். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போங்கள், இரண்டாம் தடவை அவரைக் கூட்டிக்கொண்டு போய் இதே எண்களை டாக்டர் வாயால் கேட்கவையுங்கள். அவரோடு பேசுவது அவசியம். ஆனால் உங்கள் வயிற்றில் இருக்கும் கிட்னியைப் பற்றி அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் பேரம் நடக்க விடாதீர்கள்.

என் அபிப்பிராயம் வேண்டுமென்றால்: இப்போதைக்குச் "சரி"யும் சொல்லாதீர்கள், "முடியாது" என்றும் சொல்லாதீர்கள். அம்மாவிடம், "டாக்டர்கிட்ட பேசப் போறேன், அதுவரைக்கும் இதைப் பத்திப் போன்ல பேசவேண்டாம்" என்று ஒரு மாதம் தவணை வாங்குங்கள். டயாலிசிஸ் நடக்கிறது, அந்த ஒரு மாதத்தில் அண்ணனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் பயம் இருந்தால் பரவாயில்லை, பயத்தோடு கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் "டெஸ்ட்டில் ஏதாவது கோளாறு வந்து தப்பித்துவிடமாட்டோமா" என்று மனசு உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தால், கொடுக்காதீர்கள். அந்த வேண்டுதல் எனக்குப் பழக்கமான ஒன்று. ரிப்போர்ட்டில் பொருந்தவில்லை என்று வந்ததும் தோளெல்லாம் இறங்கி மூச்சு விடுவார்கள், பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருவார்கள். கொடுக்காத தங்கையாக இருந்தும் அண்ணனுக்குச் செய்ய ஆயிரம் இருக்கிறது. காப்பீட்டு அட்டை, மருந்துச் செலவு, அவர் பிள்ளைகளின் படிப்பு. அவர் உங்களுக்குச் செய்தது அதுதானே, படிப்பு.

இந்த வாரம் ஒரு டயாலிசிஸ் நாளில் அண்ணனோடு போங்கள். அண்ணி வேண்டாம், அம்மா வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் ஊசி, பி.பி. என்று போய்விடும், கடைசி மணியில் களைத்துவிடுவார். இரண்டாவது மணி நேரத்தில் பேச்சுக் கொடுக்கலாம். ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த கையில், குழாய் ஓடிக்கொண்டிருக்கும், அந்தக் கையை அவர் அசைக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது, உங்களுக்கும் போக இடமில்லை. அம்மா சொன்னதைச் சொல்ல வேண்டாம். "அண்ணே, என்கிட்ட கிட்னி வாங்கிக்க உனக்கு இஷ்டமா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லமாட்டார். மெஷினைப் பார்ப்பார், சீலிங்கைப் பார்ப்பார். காத்திருங்கள், இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கிட்னி ஏன் போனது என்பதற்கான ரிப்போர்ட் கையில் கிடைத்தால் அதையும்.